ஷரீபாவுக்கு, பல் பிடுங்கிய விவரம்

சாய்வு நாற்காலியில் சுபைதா பேகம். அவளுக்கு வலப்பக்கம் முக்காலியில் பல் டாக்டரம்மா செல்வமணி. கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், மாமியின் மூக்குக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு மருமகள் ஃபஹ்மிதா.

யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று தொடங்காமல் சுபைதாவுக்குக் கடிதம் எழுத வராது. கல்யாண வீடானாலும் மய்யித்து வீடானாலும் அப்படித்தான். வாயைப் பிளந்து கிடந்தபோதே முதல் வரிகள் மனசில் ஓடிவிட்டன.

கடிதம் திசையன்விளையில் இருக்கும் தங்கை ஷரீபா பீவிக்கு. அவளுக்கும் கடைவாய்ப் பல் சொத்தை. மாத்திரையில் வீக்கம் வற்றியிருக்கிறது, இப்போதே எடுக்காவிட்டால் மறுபடி சீழ் பிடிக்கும் என்று அங்குள்ள டாக்டர் வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார். ஷரீபாதான் மசியவில்லை.

"போன்ல சொல்லாத லாத்தா. நீ சிரிச்சுக்கிட்டே ஏமாத்திருவ. பிடுங்கிட்டு வந்து உள்ளத உள்ளபடி எழுதி அனுப்பு. வாசிச்சுப் பாத்துட்டுதான் போவேன்."

அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. சுபைதா ஐந்தாம் வகுப்பு, ஷரீபா நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குப் பல் டாக்டர் வந்த நாள். பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்த அக்காவிடம், வரிசையில் நின்ற ஷரீபா கேட்டாள்: "வலிக்குமா லாத்தா?"

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லளா."

தான் மட்டுமா படவேண்டும் என்ற எண்ணம். அடுத்த நிமிஷம் ஷரீபா போட்ட கூப்பாட்டில் பள்ளிக்கூடமே வாசலுக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் உம்மா இருவரையும் ஒரே பாயில் படுக்கவைத்து, ஆறின கஞ்சியைக் கிண்ணத்தில் கொடுத்தாள். வாப்பா முகம் மழிக்கிற கண்ணாடியில் ஒரு வாய்தான் தெரியும். முறைபோட்டு வாங்கி, யார் ஓட்டை பெரிது என்று பார்த்தார்கள். ஷரீபாதான் ஜெயித்தாள். அந்தப் பெருமையில் பேசினாளே தவிர, பொய்யை மன்னிக்கவில்லை. அந்தக் கஞ்சியின் ருசி இத்தனை வருஷம் கழித்தும் சுபைதாவின் நாக்கில் இருந்தது.

"வலிச்சா கையத் தூக்குங்கம்மா. அழுத்துத மாதிரி இருக்கும், சத்தம் கேக்கும், அவ்வளவுதான்," என்றார் டாக்டர்.

ஊசி சுருக்கென்றது. பிறகு உதடு பக்கத்து வீட்டுக்காரியுடையது மாதிரி ஆகிவிட்டது. தலைக்குள் கறுக்கென்று ஒரு சத்தம். கை தூக்கவே வேண்டியிருக்கவில்லை.

"பஞ்ச முக்கா மணி நேரம் கடிச்சிருங்க. இன்னைக்குப் பூரா துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, சூடா ஒண்ணும் வேண்டாம்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மேலப்பாளையத்துக்கு ஆட்டோவில் திரும்பினாள். சாயங்காலத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுமுன் கை, வாய், முகம் கழுவி ஒளு செய்யக் குழாயடியில் உட்கார்ந்தாள். கை அதன் பழக்கத்தில் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோனது. மூன்று முறை கொப்பளித்தாள். மூன்றாவது முறை தண்ணீர் சிவப்பாக விழுந்தது.

"ஏ மாமி! டாக்டரம்மா அவ்வளவு தூரம் சொன்னாவளே!" ஃபஹ்மிதா பதறிப்போய் டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் சொன்னபடி புதுப் பஞ்சு வைத்து அரை மணி நேரம் அசையாமல் கடித்திருந்த பிறகு ரத்தம் நின்றது.

மறுநாள் காலை எழுத உட்கார்ந்தாள். ஊசி, உதடு, சத்தம், ராத்திரி மாத்திரை போட்டும் விண்விண்ணென்று தெறித்தது, விடிந்ததும் குறைந்தது. வரிசை தவறவில்லை. குழாயடி வந்ததும் பேனா நின்றது.

தோளுக்குப் பின்னால் நின்ற ஃபஹ்மிதா சொன்னாள்: "அத மட்டும் எழுதாதீங்க மாமி. ரத்தம்னு வாசிச்சா சாச்சி வியாழக்கிழம படியேற மாட்டாவ."

"எழுதலைன்னா அவளும் இதத்தாம்ளா செய்வா. எங்கூடச் சேந்து ஒளு செய்யப் படிச்சவதான. வாயில ரத்தத்தப் பாத்தா, லாத்தா இந்தத் தடவையும் மறைச்சிட்டான்னுதான் நினைப்பா."

எழுதினாள். பிசகு டாக்டருடையது அல்ல, தன் கையுடையது என்று எழுதினாள். ஒளுவுக்கு என்ன செய்வது என்று போகும் முன்பே பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் கேட்டுவைக்கவும் எழுதினாள். வாசித்துப் பார்த்தாள். ஒரு வரியும் அடிக்கவில்லை.

உறையை ஒட்டி, தானே தபாலாபீசுக்கு நடந்தாள்.

"திசையன்விளைக்கு வியாழனுக்கு முன்னால போயிருமா?"

"ஸ்பீடு போஸ்ட்ல போட்டா நாளைக்கே போயிரும்மா."

அப்படியே போடச் சொன்னாள். கவுண்டரில் இருந்தவர் முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைச் சாக்குப் பைக்குள் போட்டார்.