ஆறாம் நம்பர் கடைச் சாவி

சவரிமுத்து பட்டாளத்தை விட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. பதினேழு வருஷம் எல்லையைக் காத்தவர் என்று தெரு அவரை மதித்தது முதல் வாரம் மட்டும்தான். தான் காத்தது பெரும்பாலும் ஸ்டோர் ரூம் கம்பளிகளைத்தான் என்று அவரே ஷஃபியின் டீக்கடையில் உளறிவிட்டார். அதன் பிறகு தெருவுக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி.

பஸ் ஸ்டாண்டில் புதிதாகக் கட்டிய கடைகளில் ஆறாம் நம்பரை முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கி, அவர் பெயருக்கு உத்தரவும் வந்தது. தொண்ணூறு நாளில் திறக்காவிட்டால் ரத்து என்று அதிலேயே போட்டிருந்தது. வராதது சாவிதான். கடைக்குள் யாரோ கல்யாண நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். யாருடையவை என்று எங்கள் தெருக் கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். பேரூராட்சி ஆபீசில் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அவர் மனைவி ஜெயா கடையை நம்பி உப்பள வேலையை விட்டு, இரண்டு தையல் மெஷின் வாங்கிவிட்டாள். வீட்டில் கால் நீட்ட இடமில்லை. மிச்சம் எட்டு நாள்.

ஆபீசுக்கு நாலு முறை போனார். "உக்காருங்க, கூப்பிடறோம்" என்றார்கள். உட்கார்ந்தார். சாயங்காலம் கதவைப் பூட்ட வந்தவர்தான் எழுப்பிவிட்டார். உத்தரவு வரும்வரை அசையாமல் இருப்பது அவர் முறையாகப் பயின்ற ஒரே வித்தை.

வியாழக்கிழமை படைவீரர் குறைகேட்பு முகாம். மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரியே வருகிறார். சவரிமுத்து மூன்று நாள் உப்பளக் கரையில் நின்று ஒத்திகை பார்த்தார். கீற்று மூடி வரிசையாக நின்ற உப்புக் குவியல்கள் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டன.

"ஏம்பா சவரி, 'சாவி தரல சார்', அவ்ளோதானே? இதுக்கு மூணு நாள் டிரெய்னிங்கா?" என்றார் ஷஃபி.

"மொதல்ல சல்யூட் அடிக்கணுமா வேணாமான்னே முடிவாவலப்பா."

முகாமில் அதிகாரி வரிசையாக ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வந்து சவரிமுத்துவின் எதிரே நின்றார். "உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?"

பட்டாளத்தில் மாதம் ஒருமுறை எல்லாரையும் உட்கார வைத்து கர்னல் இதையேதான் கேட்பார். பருப்பில் கல் கிடந்தாலும், லீவு கிடைக்காமல் போயிருந்தாலும், அத்தனை பேரும் ஒரே குரலில் இல்லையென்று கத்த வேண்டும். கத்தாதவனை சுபேதார் பிறகு தனியாகக் கவனிப்பார்.

சவரிமுத்துவின் குதிகால்கள் தாமாகச் சேர்ந்தன.

"இல்ல சார்!"

ஜன்னல் காக்கை பறந்துவிட்டது. அதிகாரி பூரித்துப்போய், கூடவே வந்த பேரூராட்சிச் செயல் அலுவலரின் தோளைத் தட்டினார். பெயருக்கு எதிரே 'குறை இல்லை' என்று பதிவானது. அதிகாரி அடுத்தவரிடம் நகர்ந்தார். ஒத்திகை பார்த்த வாக்கியம் சவரிமுத்துவின் தொண்டைவரை வந்தது. ஆனால் விறைத்த உடம்போ, இன்னும் ஆர்டர் வரவில்லையே என்றது.

பின்வரிசையில் ஜெயா எழுந்தாள். பதினாலு வருஷத்தில் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைத்தான் நீட்டுவாள்.

"சவரிமுத்து! சாவி எங்கன்னு கேளு!"

மண்டபமே அவளைத் திரும்பிப் பார்த்தது. சவரிமுத்துவின் தொண்டை மட்டும் யோசிக்கவே இல்லை.

"ஆறாம் நம்பர் கடைச் சாவி எங்க சார்! உள்ள கல்யாண நாற்காலி கெடக்குது சார்! அஞ்சு நாள்ல ரத்தாவுது சார்!"

அதிகாரி திரும்பிச் செயல் அலுவலரைப் பார்த்தார். மூன்று மாதமாகத் தேடப்பட்ட சாவி, செயல் அலுவலரின் பேன்ட் பாக்கெட்டிலிருந்தே வந்தது.

சாயங்காலம் கடையில் நாற்காலிகளை வெளியே இறக்கும்போது ஷஃபி வந்தார். "ஊரே ஜெயா உன் பேரைச் சொன்னதத்தான் பேசுது. சாவியப் பத்தி ஒருத்தனும் கேக்கல."

"பேசட்டும்பா. எத்தனையோ ஆபீசர் கிட்ட வேலை பாத்துட்டேன். குரல்னா இதான் குரல்."

உள்ளேயிருந்து ஜெயா கூப்பிட்டாள். "ஏங்க, மெஷின உள்ள கொண்டாங்க."

சவரிமுத்து அசையவில்லை. "காலைல சொன்ன மாதிரி சொல்லேன்."

"வெளிய வந்தேன்னா வெளக்குமாறோடதான் வருவேன்!"

சுபேதாரும் ஏறக்குறைய இந்தத் தொனியில்தான் பேசுவார். சவரிமுத்து மெஷினைத் தூக்கினார்.