மாப்பிள்ளைக்குப் பிடிக்காத கைப்பிடி

கஸ்தூரிரங்கன் தன் சொந்த ஸ்டூடியோவுக்குள் மாட்டிக்கொண்ட அன்று, பெங்களூர் தொம்மலூரில் ஒரு ஈ காக்கைக்குக்கூட விஷயம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார்.

பொதுப்பணித் துறையில் முப்பத்தாறு வருஷம் பாலம் கட்டினவர் அவர். அவற்றில் சில இன்னும் நிற்கின்றன. ஓய்வு பெற்றதும் கட்டியது ஒன்றே ஒன்று, மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமானறையைக் காலி செய்து ஒரு பாடும் அறை. சத்தம் புகாமலிருக்கச் சுவருக்கு மூன்று இலவம்பஞ்சு மெத்தை. அதன் மேல் முட்டை அட்டை, ஆயிரம் இருக்கும், குறைத்துச் சொன்னால் பாவம். சிவாஜிநகர் மொத்தக் கடையிலிருந்து அவற்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திறங்கிய அன்று எதிர்வீட்டு வனஜா, "ஐயங்கார் ஆத்துல ஆம்லெட் ஆரம்பிச்சாச்சு" என்று தெருவுக்கே அறிவித்துவிட்டாள். கதவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கோட்டைக் கதவெல்லாம் அதன் முன்னால் அப்பளம். வெளியே பீரங்கி வெடித்தால் உள்ளே இருப்பவருக்குக் கொட்டாவிதான் வரும். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் உலகம்.

அறைக்கு வெளியே கணினி. கணினிக்குள் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்பது ரங்கன் வைத்த பெயர். பாடின குரலைத் தானே கேட்டு, தானே யோசித்து, இரைச்சலைக் கழித்து, சுருதியைச் சேர்த்து, ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்திக் கொடுக்கும் புத்திசாலி மிக்ஸிங் மென்பொருள் அது. "வந்து உக்காந்ததுலேர்ந்து வீட்டுல ஒவ்வொண்ணா குத்தம் கண்டுபிடிக்கறதுடா. மாப்பிள்ளை இல்லாம வேற என்ன?" என்பார் சுந்தரேசனிடம். சுந்தரேசன் அதே துறையில் நாற்பது வருஷப் பழக்கம். இப்போது ஊர்க் கோடியில், ஹெப்பகோடியில் பெண் வைஷ்ணவி வீட்டில் இருக்கிறார். பாட்டு எழுதுவது அவர், பாடுவது இவர். இவர் இங்கே பாடப் பாட, மாப்பிள்ளை மெருகேற்றிய குரல் இணையத்தில் அங்கே போகும். அங்கிருந்து சுந்தரேசன் பேசுவது இவருடைய ஹெட்போனில் விழும்.

மின்விசிறி முனகுகிறது என்று மாப்பிள்ளை மூக்கைச் சுளித்தார். கழற்றியாயிற்று. கடிகாரம் டிக்கடிக்கென்கிறது. அதுவும் வெளியே. செல்போன் அருகில் இருந்தால் கொரகொரப்பு. அதற்கு வெளியே மேஜைமேல் இடம். போன வாரம் கீழ் ஸ்வரத்தில் பாடும்போது எங்கேயோ உலோகம் அதிர்கிறதாம், திரையில் சிவப்புக் கோடு. ரங்கன் காதை வைத்துத் தேடிக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். கதவின் உட்புறக் கைப்பிடி! நாலு திருகாணி, ஐந்து நிமிஷம், கைப்பிடி போய்விட்டது. வெளியிலிருந்து திருகினால்தான் கதவு திறக்கும். அதனால் என்ன? பாட்டு முடிந்ததும் வந்து திறக்கத்தான் பாகீரதி இருக்கிறாளே.

அந்தப் பாகீரதியின் குரலும் மாப்பிள்ளைக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகவில்லை. பல்லவியின் உச்சியில் "பெருங்காயம் தீந்துபோச்சு" என்று கதவைத் திறந்துகொண்டு ஒரு குரல் புகுந்தால் எந்த மாப்பிள்ளைதான் பொறுப்பார்? திரையில் மூன்று குமிழ்கள் உண்டு, பாட்டு, பேச்சு, இரைச்சல். ரங்கன் பின்னிரண்டையும் பூஜ்யத்தில் வைத்தார். அறைக்குள் யார் பேசினாலும் இனி மாப்பிள்ளை அதைத் துடைத்துவிடுவார். இந்த அமைப்பைச் சேமிக்க ஒரு பெயர் கொடு என்றது கணினி. ரங்கன் சிரித்துக்கொண்டே "பாகீ நீக்கம்" என்று தட்டினார். அப்போது பாகீரதிக்கு இரண்டு கண்ணிலும் புரை. அந்தப் பொடி எழுத்தை அவள் எங்கே படிக்கப் போகிறாள் என்ற தைரியம்.

போன மாதம் வலது கண்ணுக்கு ஆபரேஷன். நாலு மணிக்கு வந்து அழைத்துப்போவதாகச் சொன்ன மனிதர் ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்குள் அவள் கட்டுப் போட்ட கண்ணோடு தனியாக ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, மோர் குடித்துவிட்டுப் படுத்திருந்தாள். "டிராஃபிக்" என்றார் ரங்கன். அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள். மறுநாள் காலை காப்பியை வைக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "அடுத்த கண்ணுக்கும் இப்படியே ஆச்சுன்னா, இந்த ஆத்துல ஒண்ணு அந்த அறை இருக்கும், இல்லே நான் இருப்பேன்."

இன்றைக்கு அந்த அடுத்த கண். சிவாஜிநகர் பக்கம் கண் ஆஸ்பத்திரியில் அவளைப் பன்னிரண்டு மணிக்குச் சேர்த்துவிட்டு, "நாலு மணி, ஏன்னா, நாலேகால் இல்லை" என்பதைக் காதில் வாங்கிக்கொண்டு, சாப்பிட வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டாயிற்று. மணி இரண்டே முக்கால். மூன்றுக்குக் கிளம்பினால் போதும். வார்டு குப்பை வண்டியில் ஒலிக்கப்போகும் பாட்டுக்கு ஒரே ஒரு வரிதான் பாக்கி. கால் மணி நேரத்துக்கு ஒரு வரி பாடாதவன் மனுஷனா?

ஹெப்பகோடிக்கு இணைப்பைப் போட்டுவிட்டு, ஹெட்போனோடு உள்ளே போனார். பழக்க தோஷம், கதவை இழுத்துச் சாத்தினார். 'க்ளிக்'.

"ஈரக் குப்பை பச்சைத் தொட்டி, உலர்ந்த குப்பை நீலத் தொட்டி..." என்று வரியை இழைத்து முடித்து, கதவு திறக்கக் காத்திருந்தார். அரை நிமிஷம் காத்திருந்த பிறகுதான் திறக்க வேண்டியவள் ஆஸ்பத்திரியில் இருப்பது ஞாபகம் வந்தது.

கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டை. விரலை விட்டுப் பார்த்தார். பேனா மூடியை விட்டார். பூணூலை முடிச்சுப் போட்டு விட்டார். கதவு அசையவில்லை. பிறகு தோளால் மோதினார். பொதுப்பணித் துறையில் எந்த ஒப்பந்ததாரரும் இவ்வளவு உறுதியாக ஒன்றைக் கட்டிக் கொடுத்ததில்லை.

"சுந்தரேசா! கதவு மாட்டிண்டுடுத்துடா! யாரையாவது அனுப்பு!" என்று மைக்கில் கத்தினார். அது பேச்சு. மாப்பிள்ளை சுத்தமாகத் துடைத்துவிட்டார்.

"என்ன ரங்கா, சத்தத்தையே காணோம்?" என்றது ஹெட்போன். "வரி பிரமாதம். இன்னொரு தடவை பாடு."

ரங்கன் கதவை உதைத்தார். உதைத்தது இரைச்சல். அதுவும் பூஜ்யம்.

"அடடா, என்ன நிசப்தம்டா! இமயமலைக் குகை மாதிரி இருக்கு. மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம் போடலாம்."

மணி என்ன என்று தெரியவில்லை. கடிகாரத்தைத்தான் கழற்றியாயிற்றே. வேர்வை ஊற்றெடுத்து ஓடியது, காவேரி நீர் சண்டையை அதைக் கொண்டே தீர்த்திருக்கலாம். அப்போதுதான் மூளையில் பொறி தட்டியது. மாப்பிள்ளை உள்ளே விடுவது ஒன்றே ஒன்றைத்தான், பாட்டை.

ரங்கன் தொண்டையைச் செருமிக்கொண்டு, குப்பைப் பாட்டின் மெட்டிலேயே, அடிவயிற்றிலிருந்து அலறினார்.

"கதவு மாட்டிக் கொண்டதே, கைப்பிடியும் இல்லையே, சுந்தரேசா ஓடி வா, சுவாசம் முட்டிப் போகுதே!"

அலறல் மாப்பிள்ளையிடம் போனது. அவர் அதன் கரகரப்பை நீக்கினார், சுருதியில் உட்கார வைத்தார், கோயில் மண்டபத்து எதிரொலி கொஞ்சம் தூவினார். ஹெப்பகோடியில் அது தேனாக வழிந்தது.

ஹெட்போனில் சுந்தரேசன் மூக்கை உறிஞ்சினார். 

"ரங்கா... முத்திரையாடா? பெரிய வாக்கேயக்காரர் எல்லாம் கடைசி வரியில பேரை வைப்பாளே, அந்த மாதிரி என் பேரை வச்சுட்டியாடா? நாப்பது வருஷத்துல நீ என் டிபன் பாக்ஸைத் தவிர எதையும் மதிச்சதில்லை..."

"முத்திரை இல்லைடா முட்டாளே!" என்றார் ரங்கன். பேச்சு. பூஜ்யம்.

"முத்திரை இல்லை முட்டாளே, மெய்யாய் நானும் மாட்டினேன்!" என்று பாடினார்.

"ஆஹா, மோனை! முத்திரை, முட்டாள், மெய், மாட்டி! குப்பையைப் பிரிக்காதவன் முட்டாள், அதானே? அந்தக் கதவு குப்பை அறைக் கதவு. புரியறது, புரியறது. நிறுத்தாதே, எல்லாம் பதிவாயிண்டிருக்கு. நான் வைஷ்ணவியைக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்றேன், அப்பாவை மதிக்கவே மாட்டேங்கறா."

நாற்காலி நகரும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

ரங்கன் முட்டை அட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார். சாமானறையாக இருந்தபோது இதில் எலிகூட வழி கண்டுபிடித்துப் போய் வந்தது. அந்த வழியையும் சிமெண்ட் வைத்து அடைத்தது யார்? இவர்தான். மாடியில் குடியிருக்கும் தேஜஸ் ராத்திரிதான் ஆபீசிலிருந்து வருவான். ஒரு யுகம் போயிற்று. இரண்டு யுகம் என்றாலும் தப்பில்லை.

கண்ணாடி வழியே பார்த்தார். மேஜைமேல் செல்போன் துடித்து நகர்ந்துகொண்டிருந்தது. திரையில் "பாகீ". நின்றது. மறுபடி துடித்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஏழாவது தடவை துடித்தபோது போன் மேஜையின் ஓரத்துக்கு வந்து கீழே விழுந்தது.  அப்படியானால் நாலு மணி தாண்டிவிட்டது. மறுபடியும்.

பாடினார். வேறென்ன செய்ய? குரல் கிழிய, "பாகீ, பாகீ" என்று அதே மெட்டில் பாடினார்.

"ரங்கா!" ஹெட்போனில் சுந்தரேசன் வந்துவிட்டார். "பாகீரதி எனக்குப் போன் பண்றா, நீ எடுக்கலியாமே. இரு, அவளும் கேக்கட்டும்." போனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தார் போலிருக்கிறது.

ரங்கன் பாடினார். "உள்ளே மாட்டிக் கொண்டேனே, உன்னை அழைக்க வரலையே..."

"சுந்தரேசன்," பாகீரதியின் குரல் கேட்டது, தேய்ந்து, தூரத்திலிருந்து. "என்ன பாடறார் அவர்?"

"பாட்டோட சரணம்மா. ஒரு மணி நேரமா கொட்டறது, கேட்டியா? என்ன பாவம்! என்ன குழைவு!"

"குழைவு இருக்கட்டும். வார்த்தையைக் கேட்டேளா?"

"எதுகை மட்டும் கொஞ்சம்..."

"கதவு மாட்டிண்டுதுன்னு பாடறார். வர முடியலைன்னு பாடறார். நீங்க தாளம் போட்டுண்டு உக்காந்திருக்கேள்."

ஹெப்பகோடியில் தாளம் நின்றது. "ஐயையோ! நான் இப்பவே கிளம்பறேன்..."

"ஓசூர் ரோட்டுல நீங்க வந்து சேரறதுக்குள்ள தேர்தல் வந்துடும். நானே போறேன். என்கிட்ட சாவி இருக்கு. போன தடவை ஆட்டோ ஏத்திவிட்ட நர்ஸ் அனுஷாவே இந்தத் தடவையும் ஏத்திவிடறேங்கறா. பழக்கமாயிடுத்து அவளுக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுவரைக்கும் பாடிண்டே இருக்கச் சொல்லுங்கோ. மூச்சு இருக்குன்னு தெரியணுமோல்லியோ."

அவர் பாடினார். பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, சிவப்புத் தொட்டி எல்லாவற்றையும் நூற்றெட்டு தடவை பாடினார்.

கடைசியில் கண்ணாடியில் ஒரு முகம். இடது கண்ணில் பிளாஸ்டிக் மூடி, சுற்றிலும் பிளாஸ்திரி. வலது கண் பளிச்சென்று அவரையே பார்த்தது. ரங்கன் கும்பிட்டார். அவள் கதவைத் திறக்கவில்லை. கீழே விழுந்த போனை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆஸ்பத்திரிப் பையை வைத்தாள். ரங்கனுடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, மைக் வைத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தாள். ஒரு மாதத்துக்கு முன்பு அவளுக்கு வெறும் மூட்டமாகத் தெரிந்த திரை.

"ஏன்னா," என்றது அவர் காதில் அவள் குரல். "பாகீ நீக்கம்னா என்ன?"

ரங்கன் வாயைத் திறந்தார், மூடினார். பேசினால் கேட்காது. மறுபடி கும்பிட்டார்.

"சரி, அது போகட்டும். போன மாசம் ஏன் வரலை? பாடுங்கோ."

முப்பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவர் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். ஆனால் பொய்யை மெட்டுப் போட்டுப் பாடினதில்லை. இழுத்து இழுத்துப் பாடினார். டிராஃபிக் இல்லை. மாப்பிள்ளை தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் இருந்தார். இன்னும் ஒரு சதவீதம், இன்னும் ஒன்று என்று உட்கார்ந்துவிட்டேன். நீ காத்திருப்பாய் என்று தெரியும். எப்போதும் காத்திருப்பாய். கடைசி வரியில் குரல் உடைந்தது. மாப்பிள்ளை அந்த உடைசலையும் பூசி மெழுகி அழகாக்கி அவள் காதில் கொடுத்தார்.

பாகீரதி முகத்தைச் சுளித்தாள். கணினியின் எலியைப் பிடித்து, ஒவ்வொரு குமிழாகத் தொட்டு, மாப்பிள்ளையின் வேலை எல்லாவற்றையும் நிறுத்தினாள்.

"இப்ப பேசுங்கோ."

"தப்பு பண்ணிட்டேன் பாகீ," என்றார் ரங்கன். கரகரவென்று, மூக்கடைத்து, மூச்சு வாங்கியபடி.

"இதுதான் உங்க குரல். கர்ண கடூரம்" என்றாள் அவள். எழுந்து வந்து கதவைத் திருகினாள்.

காற்று! தொம்மலூரின் புகையும் தூசியும் அவருக்குப் பாரிஜாதமாக மணந்தது. அவள் பையிலிருந்து ஒரு குட்டிப் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "ஆறு மணிக்கு ஒரு சொட்டு விடணுமாம், ஆறாச்சு. மூடியை மெதுவா எடுக்கணும். கை அலம்பிண்டு வாங்கோ."

அலம்பிக்கொண்டு வந்தார். குறி தப்பாமல் ஒரு சொட்டு. அவள் கண்ணைக் கொட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அறையை நாளைக்கே இடிச்சுடட்டுமா?" என்றார், செத்த குரலில்.

"எதுக்கு? இருக்கட்டும்."

"அப்படின்னா கைப்பிடியை இப்பவே மாட்டிடறேன்."

"மாட்டப்படாது," என்றாள் பாகீரதி.

அன்று பதிவானதைச் சுந்தரேசன் அப்படியே வார்டு ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். இப்போது தினமும் காலையில் குப்பை வண்டி, "சுந்தரேசா ஓடி வா, சுவாசம் முட்டிப் போகுதே" என்று தேனொழுகப் பாடிக்கொண்டு தெருத் தெருவாக வருகிறது. வீட்டுப் பெண்கள் பச்சைத் தொட்டியோடு ஓடி வருகிறார்கள். ஹெப்பகோடியிலிருந்து சுந்தரேசன் தன் முத்திரையைக் கேட்பதற்கென்றே மாதம் இரண்டு தடவை பஸ் ஏறி வருகிறார்.

ரங்கன் பதினோரு மணிக்கு அறைக்குள் போகிறார். வெளியே சுழல் நாற்காலியில் பாகீரதி. சேமித்த அமைப்புக்கு அவள் வைத்திருக்கும் புதுப் பெயரை அவர் கண்ணாடி வழியே தினமும் படிக்கலாம். "ரங்கன் நீக்கம்." பாட்டு முடிந்ததும் அவர் கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கிறார். அவள் தட்டில் இருக்கும் முறுக்கைப் பார்க்கிறாள், இன்னும் மூன்று பாக்கி. ஒன்றை எடுத்து நிதானமாகக் கடிக்கிறாள்.