நனைந்தவருக்கே ஓட்டு

ஆற்றுப் பாலம் திறந்து வைக்கப்பட்ட அன்று அதன் மேல் முதலில் நடந்தவர் பொதுப்பணித்துறை அமைச்சர். அவருக்குப் பின்னால் சட்டமன்ற உறுப்பினர், ஒப்பந்தக்காரர், தலைமைப் பொறியாளர், அவரவர் மைத்துனர்கள் என்று ஒரு கூட்டமே அக்கரை வரை போய்த் திரும்பியது. ஆற்றின் மேல் பாலம் எதுவும் இல்லை. ரிப்பன் இருந்தது, மைக் செட் இருந்தது, பெயர்கள் பொறித்த கல்வெட்டு இருந்தது. கல்வெட்டுக்கு அப்பால் வெறும் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீருக்கு ஓர் ஆள் உயரம் மேலே, செருப்பில் ஒரு துளி ஈரம் படாமல் அவர்கள் காற்றில் நடந்து போனதைக் கரையில் நின்ற ஊர் மொத்தமும் பார்த்தது. கை தட்டச் சொன்னபோது பாதிப் பேர் பழக்கதோஷத்தில் தட்டவும் செய்தார்கள். விழா முடிந்து கார்கள் கிளம்பியதும் பக்கத்து ஊர்ப் பால்காரர் ஒருவர் சைக்கிளோடு ஏறிப் பார்த்தார். அவரை உடனே தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டார்கள். சைக்கிள் மறுநாள்தான் கிடைத்தது.

பாலம் யாரைத் தாங்கும், யாரைத் தாங்காது என்பது ஊருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. பாலத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பங்கு வாங்கியவர்களை அது தாங்கியது. எவ்வளவு வாங்கினார்களோ அவ்வளவு தூரம் தாங்கியது. ஒப்பந்தக்காரர் தினமும் காலையில் அக்கரை வரை நடைப்பயிற்சி போய் வந்தார். சர்க்கரை நன்றாகக் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். இல்லாத பாலத்தைப் பற்றி எழுதக் கிளம்பிய உள்ளூர் நிருபர், படம் எடுப்பதற்காக ஓர் அடி முன்னால் வைத்தவர், கால்வாசி ஆறு வரை தன்னால் நடக்க முடிவதைக் கண்டு சத்தமில்லாமல் திரும்பி வந்து, அந்த வாரம் வெயிலைப் பற்றி எழுதினார். எதிர்க்கட்சிக்காரர்கள் பாலத்தைக் காணோம் என்று கரையில் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். சாயங்காலம் பந்தலைப் பிரித்துவிட்டு, அக்கரையில் இருந்த தங்கள் வீடுகளுக்கு ஆற்றைத் தாண்டி நடந்தே போனார்கள். கடைசியில் விசாரணைக் குழு ஒன்று வந்தது. குழுவின் தலைவர் நடு ஆற்றில் நின்று காற்றை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டார். பாலம் உறுதியாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் ஊருக்கு வயிற்றெரிச்சல்.

எல்லோரையும் விட அதிகம் தவித்தது ஜெராக்ஸ் அக்கா. தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் ஒரு மெஷினும் ஒரு ஸ்டூலும் மட்டுமே கொள்ளும் கடை அவளுடையது. கணவர் லாரி டிரைவராக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வீட்டோடு கிடந்தார். வாரம் இரண்டு முறை அவருக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கான மெஷின் அக்கரை ஆஸ்பத்திரியில் இருந்தது. சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு பகல் முழுதும் ஆகும், அவர் உடம்பு அதைத் தாங்காது. படகில் போனால் ஒரு டீ குடிக்கிற நேரம்தான், ஆனால் ஆற்றில் தண்ணீர் ஏறினால் படகு கிடையாது. முறை தவறினால் முதலில் கால் வீங்கும், பிறகு முகம், பிறகு மூச்சு முட்டும். பாலம் வருகிறது என்றபோது மற்றவர்களுக்கு அது ஒரு வசதி. அக்காவுக்கு அது புருஷனின் உயிர். பாலத்துக்குப் பணம் ஒதுக்கிய கையோடு வந்த போன தேர்தலில் உறுப்பினரின் ஆட்கள் வீடு வீடாக டேபிள் ஃபேன் கொடுத்துக்கொண்டு வந்தபோது, பாலம் கொண்டு வரப் போகிறவர் கொடுப்பதுதானே என்று அவளும் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஊரே வாங்கியது. டிரைவர் புழுக்கத்தில் அந்தக் காற்றில்தான் தூங்கினார்.

அந்த வருஷம் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. ஒரு முறை தவறிப் போய், அடுத்ததும் தவறப் போகிற காலையில் டிரைவருக்கு மூச்சு இழுத்தது. அக்கா கரைக்கு ஓடினாள். படகுக்காரர் படகைக் கட்டிப் போட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து ஒப்பந்தக்காரரின் மைத்துனர் வெள்ளத்துக்கு மேலே மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தார். ஆளே இல்லாத ஆற்றில் யாருக்கு ஹார்ன் அடித்தார் என்பது அவருக்கே வெளிச்சம். அக்கா மறித்து, இவரை மட்டும் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போய் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். "வெயிட் ஏத்தினா பாலம் தாங்காதுக்கா" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அக்காவுக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டுக்குப் போய்ப் புருஷனை முதுகில் தூக்கிக்கொண்டு வந்து, கல்வெட்டைத் தாண்டி வெறும் காற்றில் காலை வைத்தாள். கால் நின்றது. சிமெண்டுத் தரை போலக் கெட்டியாக இருந்தது. இரண்டு பேரையும் அது தாராளமாகத் தாங்கியது. நடு ஆற்றுக்கு வந்து அடுத்த அடி வைக்கப் போனபோது கீழே ஒன்றும் இல்லை. வலது பக்கம் காலால் துழாவினாள், இடது பக்கம் துழாவினாள். அக்கரையில் ஆஸ்பத்திரி ஜன்னல்கள் தெரிந்தன. வராந்தாவில் ஒரு நர்ஸ் குடையை உதறுவது கூடத் தெரிந்தது.

"ஏன் நின்னுட்ட?" என்று முதுகிலிருந்து டிரைவர் கேட்டார்.

"இதுக்கு மேல இல்லைங்க."

"அந்த ஃபேனா? அதுவும் பாலத்துக் காசுதானா?"

அவள் அவரை முதுகில் இன்னும் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"நாம வாங்கினதுக்கு இவ்வளவு தூரம்தான் போல" என்று சிரிக்கப் போனவர் இருமினார். அக்காவுக்கு வந்தது அழுகை கூட இல்லை, கூச்சம். இரண்டு கரையிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் திரும்பி நடந்து வந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாத படகுக்காரர் கயிற்றை அவிழ்த்தார். படகு வெள்ளத்தில் சுழன்று எங்கேயோ போய் ஒதுங்கியது, ஆனால் அக்கரையில்தான் ஒதுங்கியது. டிரைவர் பிழைத்தார்.

தண்ணீர் வடிந்ததும் அக்கா ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் உறுப்பினர் அலுவலக வாசலில் வைத்துவிட்டு, நேராகக் கரைக்கு வந்து கல்வெட்டைத் தாண்டிக் காலை வைத்தாள். தொப்பென்று விழுந்தாள். படகுக்காரர் நீட்டிய துண்டில் தலையைத் துவட்டிக்கொண்டே, எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சீக்காளிப் புருஷனைப் புழுக்கத்தில் போட்டு வாட்டுகிறாளே என்று ஊர் நான்கு நாள் அவளைப் பேசியது. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் தன் ஃபேனைக் கொண்டுபோய் வைத்தார். அப்புறம் ஒரு தெரு, அப்புறம் இன்னொரு தெரு. அலுவலகத்துக்குள் ஆள் நுழைய முடியாத அளவுக்கு வாசலில் ஃபேன் குவிந்தது. காற்றடித்தால் எல்லா ஃபேனும் மின்சாரம் இல்லாமலேயே சுற்றும். சில வீடுகள் மட்டும் கடைசி வரை கொடுக்கவில்லை. கேட்டால் ஃபேன் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார்கள்.

அடுத்த தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் ஊருக்கு முன்னால் கல்வெட்டைத் தாண்டி ஓர் அடி வைக்க வேண்டும், நனைந்தவருக்கே ஓட்டு என்று அக்கா கடையில் நகல் எடுத்த நோட்டீஸ் எல்லாச் சுவரிலும் ஒட்டப்பட்டது. பதவியில் இருந்த உறுப்பினர் முழங்கால் வலி என்று வரவே இல்லை. வந்தவர்கள் வரிசையாகக் காற்றில் நின்றார்கள். ஒருவர், நான் விழுந்து காட்டுகிறேன் பாருங்கள் என்று ஓடி வந்து தலைகுப்புறப் பாய்ந்தார். ஒன்றுமில்லாத இடத்தில் மோதி மூக்கு உடைந்தது. கட்சி எதுவும் இல்லாமல் நின்ற கணக்கு டீச்சர் மட்டும் கல்வெட்டைத் தாண்டிய அடுத்த நொடி காணாமல் போனார். தண்ணீருக்கு மேல் கொண்டை மட்டும் தெரிந்தது. படகுக்காரர் இழுத்துப் போட்டதும் ஊர் அடித்த கைதட்டல், யாரும் சொல்லாமல் அந்தக் கரையில் எழுந்த முதல் கைதட்டல். அவர் ஜெயித்தார். ஊர் ஒரு நிபந்தனை போட்டது: வருஷத்துக்கு ஒரு தடவை இதே இடத்துக்கு வந்து காலை வைக்க வேண்டும். துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுக்கிற வேலை அக்காவுடையது.

இருக்கிற பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாலம் எதற்கு என்று அரசாங்கம் கேட்டது. டீச்சர் சட்டமன்றத்தில் எழுந்து எழுந்து பேசினார். மைக் அணைந்தால் மைக் இல்லாமல் பேசினார். அவர் தனியாகக் கத்திப் பலனில்லை என்று தெரிந்தபோது ஊர் மொத்தமும் ஆற்றில் குதித்து எழுந்து, ஈரத்துணியோடு பஸ் ஏறித் தலைநகரத்துக்குப் போனது. தலைமைச் செயலகத்து வாசலில் நாள் கணக்காகச் சொட்டச் சொட்ட நின்றார்கள். துணி காய்ந்தால் தெருக்குழாயில் நனைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். செயலகப் படிகளில் வழுக்கி இரண்டு துறைச் செயலாளர்கள் விழுந்த பிறகு பணம் ஒதுக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத பாலத்தில் இடித்துக்கொள்ளாதபடி கொஞ்சம் தள்ளிப் புதுத் தூண்கள் எழுந்தன. முதல் வருஷம் டீச்சர் விழுந்தார். ஈரத்தலையோடு டிரைவருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். அடுத்த மழைக்கு முந்தி பாலம் முடிந்துவிடும் என்று பொறியாளர் சொன்னார். அக்கா அதை நம்பினாள். டிரைவரின் கால் வீக்கம் அப்போது வடியாமலே இருந்தது.

இரண்டாவது வருஷம் டீச்சர் கல்வெட்டைத் தாண்டிக் காலை வைத்தார், நின்றார். குனிந்து தன் காலையே பார்த்தார். இன்னும் ஓர் அடி வைத்தார். சேலைக் கரை காற்றில் ஆட, கரையிலிருந்து பத்தடி போன பிறகுதான் விழுந்தார். துண்டு அக்காவின் கையில் இருந்தது. கொடுத்துவிட்டால் முடிந்தது, பத்தடிதானே, வழுக்கியிருக்கும் என்று ஊரும் விட்டுவிடும், பாலம் மழைக்கு முந்தி முடிந்துவிடும். அக்கா துண்டை நீட்டத்தான் நீட்டினாள். "கேளு" என்றார் நாற்காலியிலிருந்து டிரைவர். அவள் கேட்காத மாதிரி நின்றாள். "கேளுன்னு சொல்றேன்ல."

"டீச்சர், என்ன வாங்கினீங்க?"

டீச்சர் சேலைத் தலைப்பைப் பிழிந்தார். "நான் எதுவும் வாங்கலம்மா. சிமெண்ட் கம்பெனிக்காரர் மருமகனுக்கு ஒரு ஸ்கூட்டர் குடுத்தாரு. கல்யாணப் பரிசுன்னு நெனச்சுட்டேன்."

புதுப் பாலத்துச் சிமெண்டுக்கு வாங்கினால் பழைய பாலம் எப்படித் தாங்கும் என்று யாரோ சந்தேகம் கேட்டார். எந்தப் பாலமாக இருந்தாலும் பணம் நம்முடையதுதானே என்றார் படகுக்காரர். வாங்கியது மருமகன் என்பதால்தான் பத்தடியோடு விட்டது என்றும் சொன்னார். ஸ்கூட்டர் அன்றைக்கே திரும்பிப் போனது. ஆனால் அந்தச் சிமெண்டில் கட்டிய நடுத்தூணைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது அது பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. இடித்துக் கட்டினால் ஒரு மழைக்காலம் தள்ளிப் போகும் என்றார் பொறியாளர். கூட்டம் டிரைவரைப் பார்க்காமல் இருக்க முயன்றது. மேலே பூசி மெழுகிவிட்டால் இப்போதைக்கு நிற்கும் என்றுகூட ஒருவர் சொன்னார். "நான் லோடு ஏத்தின லாரியோட எத்தனை பாலத்துல போயிருக்கேன், எனக்குத் தெரியும். இடிங்க" என்றார் டிரைவர். அக்கா அன்று அவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. தூணை இடித்தார்கள்.

அந்த மழையில் ஆறு இரண்டு வாரம் இறங்கவே இல்லை. படகுக்காரர் மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் இதே கரையில் வந்து ஒதுங்கினார். கதவைத் திறந்தால் அரைகுறைப் பாலம் தெரிகிற வீட்டில், மத்தியானத்தில், டிரைவர் செத்துப்போனார். டீச்சர் வந்து வாசலிலேயே நின்றார், உள்ளே வரத் தைரியம் இல்லை. அவரை அக்கா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கோடையில் பாலம் முடிந்தது. ரிப்பன் இல்லை. முதல் ஆளாக அக்காவைப் போகச் சொன்னார்கள். அவள் நடு ஆறு வரை போய் அங்கேயே நின்றுவிட்டாள். கால் அடுத்த அடி வைக்க மறந்து போயிருந்தது. பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டிகள் பொறுமையாகக் காத்திருந்தன. அதற்கப்புறம் நடந்து போய், ஆஸ்பத்திரி வராந்தாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கடையைத் திறந்தாள்.

அமைச்சர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின. டீச்சர் மறுபடி தேர்தலில் நிற்க மறுத்துவிட்டார். பழைய பாலம் இன்னும் புதுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வயதான ஒப்பந்தக்காரர் சாயங்காலங்களில் அதில் மெதுவாக நடப்பார், புதுப் பாலத்தில் போகிற யாரும் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை. வருஷா வருஷம் கல்வெட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போடுகிறார்கள், அக்கா துண்டோடு வருகிறாள். பஸ் நிலையம் கட்டித் தருவேன் என்று ஜெயித்து, முதல் வருஷம் அழகாக விழுந்த இளைஞர்தான் இப்போது உறுப்பினர். இந்த வருஷம் அவர் கல்வெட்டைத் தாண்டி, கரையை விட்டுக் கால்வாசி ஆறு வரை நடந்து, விழவே இல்லாமல் நின்றார். மேலே வெயில், கீழே தண்ணீர். அசடு வழிந்துகொண்டு திரும்பி வந்தவரைக் கல்வெட்டுக்கு அந்தப் பக்கமே அக்கா நிறுத்தினாள். காய்ந்த துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, டிரைவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன வாங்கினீங்க, யாருகிட்ட வாங்கினீங்க, எல்லாத்தையும் நிதானமா சொல்லுங்க தம்பி. எனக்கு இப்ப அவசரம் ஒண்ணும் இல்ல."

படகுக்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார். உறுப்பினர் காற்றில் நின்றபடியே சொல்லத் தொடங்கினார்.