புள்ளிக்குப் பின்னால் ஐந்து

கொத்தனார் இரண்டு டியூபுகளையும் டாக்டரம்மாவின் மேஜைமேல் வைத்தார். ஒன்று, ஒன்பது மாத மகளின் கன்னத்துச் சொறிக்குக் கொடுத்தது. ஒரு சதவீதம் என்று போட்டிருந்தது. மற்றது, சிமெண்ட் பட்டு வெடித்த அவருடைய உள்ளங்கைக்கு எழுதியது, அதில் 0.05. குழந்தையின் கிரீம் தீர்ந்த அன்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். இருபதில் ஒரு பங்குதான், இன்னும் சாது. மணலையும் சிமெண்ட்டையும் இம்மி பிசகாமல் அளக்கிற மனிதர், அதே கவனத்தோடு மூன்று வாரம் தன் மருந்தை அவளுக்குத் தடவினார். இரண்டே நாளில் கன்னம் பளிங்காகிவிட்டது. பார்த்தவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார். நேற்றுதான் மனைவி குழந்தையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஏங்க, கன்னத்துல நரம்பு தெரியுதே" என்றாள்.

டாக்டரம்மா லென்ஸைக் கீழே வைத்தார். "நம்பரைப் பாத்து ஏமாந்துட்டீங்க. ரெண்டும் வேற வேற மருந்து. அவளோடது ரொம்ப சாது. உங்களோடது அதைவிட நூத்துக்கணக்கான மடங்கு வீரியம்."

"இத்தனூண்டுலயா?"

"இத்தனூண்டுலதான். உங்க உள்ளங்கைத் தோல் தடிமன். அதுக்குள்ள இறங்க அவ்வளவு பலம் வேணும். இவ கன்னம் அப்படியே குடிச்சிடும். அதான் தோல் மெலிஞ்சு நரம்பு தெரியுது."

பயத்தையும் மீறி அவருக்கு ஒரு மலைப்பு. இருபது வருஷமாகச் சுவர் எழுப்புகிறவர். உடம்பில் இத்தனை விதமான கனத்தில் சுவர்கள் இருப்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது. கடுகளவு களிம்புக்குள் இவ்வளவு பெரிய ஆளா?

"தேறிடுமா டாக்டர்?"

"பெரும்பாலும் தேறிடும். இதை நிறுத்தினதும் சிவந்து பொங்கலாம். பயந்துபோய் மறுபடி இதைத் தடவிடாதீங்க. வாரா வாரம் கொண்டுவந்து காட்டுங்க."

வெளியே வந்ததும், "பெரிய கணக்குப் புலி" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அழுதாள்.

மாலையில் அவர் தன் கைக்கு மருந்து போட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விலக்கிப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். யாருடைய கைகளையோ பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்தது போலிருந்தது. குழந்தை தவழ்ந்து வந்தது. சட்டையைப் பிடித்து எழுந்தது. "வேணாம்டா, அப்பா கை வேணாம்" என்று கைகளை இன்னும் உயர்த்தினார். அவள் தேடிப் பார்த்து, அவருடைய முழங்கையின் உள்மடிப்பில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். சிமெண்ட் படாத இடம். அங்கே அவருக்கும் தோல் மெலிதாக, பச்சை நரம்பு தெரிய இருந்தது. கைகள் வலிக்க வலிக்க, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.