யார் எழுதின கட்டுரை

கட்டுரையைப் படித்ததுமே எனக்குப் பொறி தட்டியது. இது இந்தப் பெண் எழுதியதில்லை. பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஆங்கிலமும் எழுத்துப் பயிற்சியும் சொல்லிக்கொடுக்கிறேன். என் கண்ணிலேயே மண்ணைத் தூவுவதா? வகுப்பில் வாயே திறக்காத கடைசி பெஞ்சுக்காரி, தன் அப்பாவின் லேத் பட்டறையைப் பற்றி வழுக்கிக்கொண்டு போகும் ஆங்கிலத்தில் எழுதுவாளாம். நான் என்ன, காதில் பூ வைத்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறேன்?

அந்த நடையை வேறு எங்கேயோ படித்திருக்கிறேன். எங்கே என்றுதான் பிடிபடவில்லை. இரண்டு நாள் நூலகத்தைப் புரட்டினேன். காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. என் வீட்டுக்காரர் மேல்கூடச் சந்தேகம் வந்தது. அவரும் ஆங்கிலம் படித்தவர்தானே, பாவம் பார்த்து எழுதிக்கொடுத்தாரோ?

“உனக்கு முத்திப்போச்சு,” என்றார்.

துறைத்தலைவரிடம் புகார் கொடுத்தேன்.

“மூணு மணிக்கு விசாரணை. நீங்க உறுதியாச் சொன்னா அவ படிப்பு இதோட போச்சு. யோசிச்சுக்குங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டரைக்கு அவளை என் அறைக்கு வரவழைத்தேன்.

“உண்மையைச் சொல்லு. யார் எழுதிக் குடுத்தா?”

அவள் முகம் வெளுத்துவிட்டது. பையிலிருந்து, அதே கட்டுரைக்கு நான் திருத்திக்கொடுத்த மூன்று பழைய படிகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

“நீங்கதான் மேடம்.”

“என்ன, கொழுப்பா?”

“இல்ல மேடம். ஒவ்வொரு தடவையும் என் வரியை அடிச்சிட்டு, ஓரத்துல வேற எழுதிக் குடுத்தீங்க. அதை அப்படியே சேர்த்துட்டு வந்தேன்.”

பிடுங்கிப் பார்த்தேன். சிவப்பு மையில், கோழி கிண்டிய மாதிரி என் கையெழுத்தேதான். வகுப்புக்கு அறுபது பேர். திருத்தித் தள்ளியதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? மூன்றாம் படியில் அவளுடைய வரி ஒன்றுகூட மிச்சமில்லை. என் மானம் கப்பலேறிவிட்டது.

முதல் படியில், தடுமாறும் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அப்பா கையெல்லாம் கிரீஸ் என்பதால், முழங்கையால்தான் அவள் தலையைத் தடவுவார் என்று எழுதியிருந்தாள். அதைக் குறுக்கே அடித்து, ‘தேவையில்லை’ என்று போட்டிருந்தேன்.

“இதை ஏம்மா விட்டே?”

“எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி மேடம். நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க.”

துறைத்தலைவர் கதவைத் தள்ளி எட்டிப்பார்த்தார்.

“என்ன மேடம், யார் எழுதினதுன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது சார். விசாரணைக்கு அவ வர வேண்டாம். நான் வர்றேன்.”