விஜயகலா நன்றி சொல்லப் போன கதை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பிரதேச சபைக் கூட்டங்களில் சிங்களத்தில் பேசுவதைத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். அப்படி றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்குப் போனபோது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த விஜயகலாவைப் பார்த்தேன். பல மாதம் கழித்து அவளே வீடு தேடி வந்து நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"எழுதுங்க டீச்சர். பேர மட்டும் மாத்திருங்க."

மாற்றிவிட்டேன். முதல் வரிதான் வரவில்லை. "மலைகளை மேகம் மூடியிருந்த ஒரு பகலில்..." வேண்டாம், மலைக்கு மேகம் புதிதா? "போதைப்பொருள் இன்று நம் சமூகத்தை..." இது மேடைப் பேச்சு. "மதுசன் நல்லவன்" என்று தொடங்கி அதையும் நிறுத்தினேன். நல்லவன்தான். ஆனால் கெட்டவனாக இருந்திருந்தாலும் அவனைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

2

மதுசன் விஜயகலாவின் புருஷன். கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்தபோது குடு* பழகினான். தோட்டத்துக்குத் திரும்பிய பிறகும் அது அவனை விடவில்லை. முதலில் அவள் தோடு போனது, பிறகு காஸ் சிலிண்டர் போனது, கடைசியில் பேச்சு வார்த்தையும் போனது. சிகிச்சை நிலையத்தில் இருந்துவிட்டு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. விஜயகலா கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

(*சிங்களத்தில் 'குடு' என்றால் தூள், இங்கே ஹெரோயின். நாங்களும் அப்படியே சொல்கிறோம். அதற்குத் தமிழில் ஒரு அழகான பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.)

நான் சொன்ன அந்தக் கூட்டம், பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் நடந்தது. சபைத் தவிசாளர், சுகாதாரப் பரிசோதகர், தோட்டத்தை நடத்தும் துரை, கோயில்காரர், பள்ளிவாசல்காரர், பொலிஸ் சார்ஜன்ட் எல்லோரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். குடு எடுத்து யாருக்காவது மூச்சு நின்றால் சபை தரும் நம்பருக்குப் போன் எடுக்க வேண்டும். போன் எடுத்தவரையும் பிடிக்க மாட்டோம், விழுந்தவரையும் பிடிக்க மாட்டோம் என்றார் சார்ஜன்ட். "பய வெண்ட எப்பா" என்று முடித்தார். பயப்பட வேண்டாம் என்று நான் தமிழில் சொன்னேன்.

"பொலிஸ் சொன்னா நம்பிருவோமா?" என்று பக்கத்திலிருந்த மல்லிகாவின் காதில் சொன்னாளாம் விஜயகலா. ஆனாலும் அந்த நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டாள். மதுசன் பார்த்துக் கோபப்படக் கூடாதென்று 'மாமி' என்று பேர் போட்டாள்.

3

ஒரு நாள் விஜயகலா, பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் மதுசன் கிடந்தான். உதடு நீலம். மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. கொஞ்ச நாள் விட்டிருந்தவன் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது என்று கூட்டத்தில் நான்தான் மொழிபெயர்த்திருந்தேன்.

[கத்தினால் லயத்து வீடுகளெல்லாம் கூடும், பொலிஸ் வரும் என்றெல்லாம் அவள் மனதில் ஓடியதாக இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியதும், "யோசிக்கவே இல்ல டீச்சர். யோசிச்சிருந்தா செத்திருப்பாரு" என்றாள். எடுத்துவிட்டேன்.]

'மாமி'க்கு எடுத்தாள். டவுனில் முச்சக்கரவண்டி ஓட்டும் அஸ்ஹர் பேசினான். சபை பயிற்சி கொடுத்த ஆட்களில் ஒருவன்.

"அக்கா, அழ வாணாம். நான் இந்தா வாறேன். போன ஸ்பீக்கர்ல போடுங்க. தலைய பின்னால சாய்ங்க. மூக்கப் பொத்தி, வாயில வாய வச்சி ஊதுங்க. நெஞ்சு எழும்புதா?"

"எழும்புது தம்பி!"

"அப்ப விட்டுட வாணாம். ஊதிட்டே இருங்க."

ஊதினாள். எத்தனை தடவை என்று அவளுக்கும் தெரியாது. மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஏறாது, சந்தியில்தான் நிற்கும். வெளி வண்டிக்குத் திறக்காத பெக்டரிக் கேட்டைக் காவல்காரர் கன்னையா அகலத் திறந்து வைத்திருந்தார். அஸ்ஹர் அந்தக் குறுக்கு வழியாக ஏறி வந்து, மதுசனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சந்திக்குப் பறந்தான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மதுசன் கண் திறந்து, "கொழுந்து நிறுத்தாச்சா?" என்று கேட்டான்.

4

அவன் மறுபடி சிகிச்சைக்குப் போன பிறகு, விஜயகலா அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு அஸ்ஹரிடம் போனாள்.

"நான் என்னத்த செஞ்ச அக்கா? வண்டிய ஓட்டின, அவ்வளவுதான். கேட்டு மூடியிருந்தா நான் சுத்தி வந்து சேரவே ஏலாது. கன்னையா அண்ணனுக்குக் குடுங்க."

கன்னையா கையை ஆட்டினார். "அந்த டீச்சர் புள்ள தனுஜா போன்ல சொல்லுச்சு, தெறந்தேன். அது சொல்லாட்டி எனக்கென்ன தெரியும்?"

(டீச்சர் நானில்லை. சபைக்காக வீடு வீடாகப் போகும் தனுஜாவையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். சபை நம்பருக்கு எடுத்தால் அவள் போனும் அடிக்கும்.)

சபைக் காரியாலயத்தில் தனுஜாவும் பொட்டலத்தை வாங்கவில்லை. "நாங்க எல்லாரும் வந்து சேர்ற வரைக்கும் அவருக்கு மூச்சுக் குடுத்தது யாருங்க?"

விஜயகலாவுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. "அப்ப எனக்கு நானே பலகாரம் சுட்டுக்கிட்டேனா?"

சிரித்ததில் எல்லோருக்கும் பசி வந்துவிட்டது. பொட்டலத்தை அங்கேயே பிரித்தார்கள். அந்த நேரம் சார்ஜன்ட் உள்ளே வந்தார். விஜயகலா எழுந்து நின்று அவருக்கும் நீட்டினாள். இரண்டு எடுத்துக்கொண்டு "ஹரி ரசய்" என்றார், நல்ல ருசி என்று. யாரையும் எதுவும் விசாரிக்கவில்லை.

இந்தச் சார்ஜன்டை நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் இரண்டாவது வரைவில் அவர் ஆஸ்பத்திரி வாசலில் மதுசனைப் பிடிக்க நின்றார். கதை விறுவிறுப்பானது. ஆனால் அப்படி நடக்கவில்லையே. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர் மேல் பழி போட்டு ஒரு நல்ல கதை எனக்கு வேண்டாமென்று கிழித்துவிட்டேன்.

5

முடிவு. இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் மதுசன் மறுபடி விழுகிறான், அந்த முறை யாரும் வீட்டில் இல்லை. மற்றதில் அவனே சபையின் பயிற்சிக்கு வந்து நிற்கிறான்.

விஜயகலா முதலாவதைக் கேட்டதும் காதைப் பொத்தினாள். "சாகுற மாதிரி எழுதாதீங்க டீச்சர்."

"சரி, திருந்திட்டார்னு எழுதவா?"

"ஐயோ, அதையும் எழுதாதீங்க. கண்ணு பட்டுரும்."

6

ஆகவே என்னிடம் முடிவில்லை. இன்று இருப்பது மட்டும் இருக்கிறது. மதுசன் டவுனில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். வேலை விட்டதும் தனுஜாவிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் வருவான். சில நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவானாம்.

மழை பிடித்துக்கொண்டது. அந்த பஸ் முக்கி முனகி வளைவு ஏறி, தோட்டச் சந்தியில் வந்து நிற்கிறது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருக்கிறது, உள்ளே இருப்பவர் முகம் தெரியவில்லை. விஜயகலா ரோட்டோரம் நிற்கிறாள். நான் பேனாவை மூடுகிறேன். நீங்கள் கொஞ்ச நேரம் அவளோடு நில்லுங்கள். குடைக்குள் இடமிருக்கிறது.