மணமாகாதவர்

அம்மாவைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மூன்றாம் முறையாக அதே ஜன்னலுக்கு முன்னால் நின்றபோது மூத்த மகளுக்கு வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பவர்களிடம்கூடக் குரல் உயர்த்தாதவள் என்று பெயரெடுத்தவள். அந்தப் பொறுமையெல்லாம் இந்த முன்னாள் படைவீரர் அலுவலகத்தின் படியேறும்போதே கரைந்துவிடுகிறது.

அப்பா இறந்து இரண்டு மாதம் கழித்துத் தபாலில் ஒரு சான்றிதழ் வந்தது. கெட்டித் தாள், பொன்னிற ஓரம். பதினோரு வருடம் படையில் லாரி ஓட்டியவரை வாயாரப் புகழ்ந்துவிட்டு, கடைசி வரியில் 'மணமாகாதவர்' என்று முடித்திருந்தார்கள். அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். "அப்போ நான் யாரு?" என்று மட்டும் கேட்டாள். "ஒரு காகிதம்தானேம்மா, பெட்டியில போட்டு மூடு" என்றான் தம்பி. மூன்று நாள் அம்மா அவனோடு பேசவில்லை. அந்த ஒரு வார்த்தையைத் திருத்தத்தான் இந்த அலைச்சல்.

"அவர் விலகின அன்னிக்கு எங்ககிட்ட இருந்தது அதுதான். அப்புறம் கல்யாணம் ஆனதை அவர் வந்து எழுதிக் கொடுக்கலையே" என்றார் எழுத்தர். போன தடவையும் இதையேதான் சொன்னார்.

அதுதான் அவளுக்கு ஆறவில்லை. தெருவில் யாருக்கு விண்ணப்பம் என்றாலும் அப்பாதான் எழுதிக் கொடுப்பார். தன் விஷயம் என்று வந்தால் மட்டும் 'பாத்துக்கலாம்'. நாற்பத்தாறு வருடம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். திருமணப் பதிவேடு எப்போதோ வெள்ளத்தில் போய்விட்டது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களில் அவர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம்.

"ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற போட்டோ இருந்தா கொண்டாங்கன்னு சொன்னேனே."

"எல்லாப் படமும் அவர் எடுத்தது சார். அவர் எதுலயும் இல்ல. ஒண்ணுல ஓரத்துல கட்டைவிரல் மட்டும் இருக்கு. அது போதுமா?"

எழுத்தர் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. சொல்ல வேறு நிறைய இருந்தது. அவள் சின்னவளாக இருந்தபோது அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வேலைக்கு விடியுமுன் போய்விடுவாள். மகளுக்குச் சடை பின்னிவிட்டது அப்பாதான். லாரியில் சரக்கு கட்டுகிற மாதிரி இழுத்துப் பின்னுவார், பள்ளிக்கூடம் விடும்வரை கண் இழுத்துக்கொண்டே இருக்கும். எங்காவது இடி இடித்தால், செய்துகொண்டிருந்ததைப் போட்டுவிட்டு வந்து மூன்று பிள்ளைகளின் பாதங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். ஆறும் இருந்தால்தான் மூச்சு விடுவார். "எதுக்குப்பா?" என்றால், "சும்மாதான்." படையில் பார்த்த எது அந்தச் சும்மாவுக்குள் இருந்தது என்று அவர் சொல்லவில்லை. அவளும் துருவிக் கேட்கவில்லை. இதையெல்லாம் எந்தச் சான்றிதழில் சேர்ப்பது?

"இவருக்குக் குடும்பம் இருந்துச்சுன்னு நாங்க நிரூபிக்கணுமா சார்? இருந்ததுல பாதி இதோ இங்க இருக்கு" என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. பின்னால் வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

எழுத்தர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "'உறவுமுறையை விளக்குக'ன்னு ரெண்டு வரி இருக்கு. அம்மா கைப்பட எழுதணும். மேல அனுப்பிப் பாக்கறேன். நடக்கும்னு சொல்ல முடியாது."

அவள் பேனாவைத் தேடுவதற்குள் பெஞ்சிலிருந்து அம்மா எழுந்து வந்துவிட்டாள். எழுத்தரின் பேனாவையே எடுத்துக்கொண்டாள். முதல் வரி நிறைந்தது, இரண்டாவதும் நிறைந்தது. பொடி எழுத்து கீழே இறங்கி, 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்ற கட்டத்துக்குள் நுழைந்தது.

"அம்மா, அங்க எழுதக் கூடாது" என்றார் எழுத்தர்.

அம்மா தலை நிமிரவில்லை. "நீ கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிறே" என்றாள் மகளிடம்.

மூத்தவள் நகர்ந்துகொண்டாள். வரிசை ஜன்னலிலிருந்து வாசல்வரை நீண்டிருந்தது. அம்மா படிவத்தைத் திருப்பிப் போட்டு, வெறுமையான பின்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தடவை நீவிவிட்டாள்.